முழங்கால் லிகமெண்ட் கிழிந்தால்

(பெங்களூரு அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முழங்கால் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு மூட்டுத் தேய்மானம்தான் ஞாபகத்துக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதைப் பற்றி அல்ல. லிகமெண்ட் கிழிவதைப் பற்றி. ஷட்டில் ஆடும் பேரன், ஸ்கூட்டரிலிருந்து விழுந்த மாட்டுப்பெண், குளியலறை ஈரத்தில் கால் மடங்கிய மாமி என்று யாருக்கும் இது நேரலாம். நான் டாக்டர் இல்லை. விஞ்ஞானம் படித்து அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அதில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உள்ள பங்கைச் சொல்லவே வந்தேன்.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமெண்ட். முழங்காலில் முக்கியமானவை நான்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டுக்குள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்காக இரண்டு. உள்பக்க லிகமெண்ட்டுக்கு ரத்த ஓட்டம் உண்டு. அதனால் பெரும்பாலும் பட்டை போட்டு, பயிற்சி செய்தாலே அது ஆறிவிடும். மூட்டுக்குள் இருக்கும் முன் குறுக்கு லிகமெண்ட்டை ஏ.சி.எல். என்பார்கள். அது மூட்டு நீரில் நனைந்தபடியே இருப்பதால், அறுந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து நின்று ஒட்டுவது கடினம். முழுதாக அறுந்தால் பெரும்பாலும் தானாகச் சேராது.

கால் முறுகும்போது 'டப்' என்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நிற்கும்போது முழங்கால் நழுவுவது போன்ற உணர்வு, இவை அடையாளங்கள். அன்றே துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். தைலம் தேய்த்து உருவிவிட வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், லிகமெண்ட் தெரியாது. ஆகவே 'எக்ஸ்ரே நார்மல்' என்பதோடு திருப்தி அடையாதீர்கள். டாக்டர் கையால் அசைத்துப் பார்ப்பதும், தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும்தான் விஷயத்தைச் சொல்லும்.

கிழிந்தால் உடனே ஆபரேஷன்தானா? சுவீடனில் 121 இளைஞர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். மறு பிரிவில் 59 பேருக்கு முதலில் பயிற்சி. பிறகும் கால் நிலைகொள்ளாவிட்டால் மட்டும் ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரின் நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த 59 பேரில் 36 பேர் அதுவரை ஆபரேஷனே செய்துகொள்ளவில்லை. ஐந்து வருஷ முடிவிலும் ஏறக்குறைய பாதிப்பேர் கத்தி படாமலே இருந்தார்கள். முறுகித் திரும்பும் ஆட்டங்களுக்குப் போக வேண்டியவருக்கும், நடக்கையில் அடிக்கடி கால் நழுவுபவருக்கும் ஆபரேஷன் அவசியப்படலாம். நிதானமாக நடமாடும் பெரியவர்களில் பலருக்குப் பயிற்சியே போதும். ஆகவே டாக்டரிடம் இரண்டு வழிகளையும் பற்றிக் கேளுங்கள்.

எந்த வழியானாலும் பயிற்சி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு நம் ஊரோடு சம்பந்தப்பட்ட உதாரணம் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த். 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே கார் விபத்தில் அவருடைய வலது முழங்கால் லிகமெண்ட்டுகள் கிழிந்தன. 2023 ஜனவரியில் மும்பையில் ஆபரேஷன். மே மாதத்தில் ஊன்றுகோலை விட்டார். பிறகு பெங்களூருவில் தேசிய கிரிக்கெட் அகாதெமியில் மாதக்கணக்கில் பயிற்சி. ஆடத் தகுதியானவர் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது 2024 மார்ச்சில்தான். ஆபரேஷன் ஒரு நாள். மீண்டது 14 மாதத்தில்! அந்த செப்டம்பரில் சேப்பாக்கத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் டெஸ்ட்டிலேயே, 109 ரன் எடுத்தார். தேர்ந்த டாக்டர்களும் பயிற்சியாளர்களும் உடனிருந்தவருக்கே இத்தனை மாதம் என்றால், நாம் ஆறு வாரத்தில் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நினைக்கலாமா?

இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. ஏ.சி.எல். ஆபரேஷனில் பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தசைநாணையே எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். பொருத்தியதும் அது உயிரற்ற கயிறு மாதிரி. உடம்பு அதில் புது ரத்தக் குழாய்களை வளர்த்து, மெல்ல லிகமெண்ட்டாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தின் நடுவில், சுமார் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள், அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி குறைந்து, வீக்கம் வடிந்து, நோயாளி உற்சாகமாக மாடிப்படி ஏறுவதும் அதே சமயத்தில்தான். வலி போய்விட்டது என்பதை ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வாரங்களில் முழங்காலை முழுதாக நீட்டப் பழகுவதும், தொடையின் முன்தசையை இறுக்கித் தளர்த்துவதுமே வேலை. அடிபட்ட சில நாட்களிலேயே அந்தத் தசை இளைக்கத் தொடங்கிவிடும். பிறகு நடை, நிலையான சைக்கிள், மாதங்கள் கழித்து ஓட்டம். விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். அடிபட்ட காலின் பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதும் ஒரு கணக்கு.

வீட்டாருக்கு மூன்று விஷயங்கள். ஒன்று, ஆபரேஷனுக்குத் தரும் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பல பிசியோதெரபிக்குத் தருவதில்லை. முன்கூட்டியே விசாரித்து, பணம் ஒதுக்கி வையுங்கள். இரண்டு, 'பாவம், படுத்துக்கொள்ளட்டும்' என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். சொன்ன பயிற்சியைச் செய்ய வையுங்கள். மூன்று, அவசரப்படுத்தாதீர்கள். கல்யாணம், சீமந்தம் என்று வந்தால் சம்மணமிட்டு உட்காரவோ, விழுந்து நமஸ்காரம் பண்ணவோ வற்புறுத்த வேண்டாம். நின்றபடி கைகூப்பினாலும் நம் ஆசீர்வாதம் குறைந்துவிடாது. பூஜை, சந்தியாவந்தனத்தை நாற்காலியில் உட்கார்ந்து செய்யட்டும். டாக்டர் அனுமதித்த பிறகு தரைக்கு வரலாம்.

புதுக் கயிற்றைப் பொருத்தி டாக்டர் அனுப்பிவிடுவார். அதற்கு உயிர் வரும்வரை, வலி இல்லாத நாளிலும் பயிற்சியை விடாமல் நடத்துவது வீட்டில்தான். இன்றைக்கு யார் வீட்டிலாவது ஒரு முழங்கால் கட்டோடு இருந்தால், ராத்திரி போன் பண்ணி 'வலி எப்படி இருக்கு?' என்று கேட்கும்போது, 'இன்னிக்குப் பயிற்சி ஆச்சா?' என்றும் சேர்த்துக் கேளுங்கள்.