நுரையீரலின் முப்பரிமாணப் படம்



மெல்லிய தாள்கள் பலவற்றில் எழுதி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். எழுத்துக்கள் யாவும் கலந்து தோன்றும். எந்த எழுத்து எந்தத் தாளுக்குரியது என அறிதல் அரிது. மார்பின் எக்ஸ்-கதிர்ப் படமும் ஏறத்தாழ இத்தகையதே.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே றொண்ட்ஜன் என்னும் பேராசிரியர் இக்கதிர்களைக் கண்டறிந்தார். காச நோயை அறிவதற்கு மார்புப் படம் அன்றுதொட்டு இன்றுவரை பேருதவி புரிந்து வருகின்றது. ஆயினும் விலாவென்பு, இருதயம், நுரையீரல் ஆகியவற்றின் நிழல்கள் ஒரே தளத்தில் விழுவதால், இருதயத்தின் பின்னே மறைந்த சிறு கட்டியொன்று வைத்தியரின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

இக்குறையை நீக்க வழி கண்டவர் ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். இசைத்தட்டுக்களால் நாமறிந்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் அவர் பணிபுரிந்தார். பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, அது உடலைக் கடக்கையில் எவ்வளவு குறைகின்றது என்பதை அளந்து, அவ்வளவைகளைக் கொண்டு உடலின் வெட்டுமுகத்தைக் கணனியால் வரைவதே அவர் முறை. இதுவே சி.ரி. ஸ்கான். 1971 ஒக்டோபர் 1ஆம் நாள் இலண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக இவ்வாறு படமாக்கப்பட்டது. இதற்குரிய கணித வழியைத் தென்னாபிரிக்காவிற் பிறந்த கோர்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே வெளியிட்டிருந்தார். இருவரும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தலையை அசையாது வைத்திருக்கலாம். நெஞ்சை அவ்வாறு வைத்தல் இயலுமோ? தொடக்கத்தில் ஒரு வெட்டுமுகத்துக்கே சில நிமிடங்கள் சென்றன. மூச்சோ அதுவரை பொறுக்காது. 1980களின் இறுதியில், நோயாளி படுத்திருக்கும் மேசை நகர, கதிர்க்குழாய் அவரைச் சுற்றிச் சுழலும் சுருளிமுறை தோன்றியது. இன்று ஒரு மூச்சை அடக்கும் சில விநாடிகளுள் நுரையீரல் முழுவதையும் படமெடுக்கின்றனர். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள நூற்றுக்கணக்கான வெட்டுமுகங்களைக் கணனி அடுக்கி, முப்பரிமாண உருவமாக்குகின்றது. நீரை 0 எனவும் காற்றை −1000 எனவும் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் எண் இடப்படுகின்றது. காற்று நிறைந்த நுரையீரலிலே திண்மையான கட்டி தெளிவாகப் புலப்படுவது இதனாலேதான்.

இதனால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? நீண்ட காலம் மிகுதியாகப் புகைத்தவர்கள் 53,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. குறைந்த கதிரளவுடைய சி.ரி. படம் எடுக்கப்பட்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் மரணம், சாதாரண மார்புப் படம் எடுக்கப்பட்டோரிலும் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால், சி.ரி. படத்தில் ஐயத்துக்குரியனவாகத் தென்பட்டவற்றுள் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை புற்றுநோயல்ல என்பதும் அதே ஆய்வு கூறிய உண்மை.

ஆகவே, படத்தில் ஒரு புள்ளி கண்ட மாத்திரத்தே மனமுடைதல் தகாது. வழமையான சி.ரி. படத்தின் கதிரளவு, சாதாரண மார்புப் படத்தினதிலும் பல பத்து மடங்கு ஆதலால், காரணமின்றி அதனை வேண்டி நிற்றலும் தகாது. வைத்தியர் வேண்டுமென்று சொன்னால் அஞ்சி ஒதுங்குதலும் நன்றன்று. கருவி காட்டுவது உருவத்தை மட்டுமே. அதன் பொருளை உரைப்பது கற்றறிந்த வைத்தியரின் மதி. புகைப்பவர்க்கோ எப்படத்தினும் சிறந்த காப்பு, புகையை இன்றே கைவிடுதல்.