நீரைக் காப்போம், நீரைப் பற்றிய அறிவையும் காப்போம்

(புக்கிட் ரம்பாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



தண்ணீரைப் பற்றிப் பேச அதிகாரி வந்திருக்கிறார் என்றதும், "கொதிக்க வைத்துக் குடியுங்கள், சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என எண்ணியிருப்பீர்கள். அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் இன்று நான் முதன்மையாக எடுத்துரைக்க விரும்புவது வேறொன்று. ஒரு தோட்டத்தின் உடல்நலத்தைக் காப்பவை குழாயும் தொட்டியும் மருந்தும் மட்டுமல்ல. அவற்றைப் பற்றிய அறிவும் ஆகும். அந்த அறிவு ஒருவருடைய நினைவில் மட்டும் தங்கி, அவர் தோட்டத்தை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடுமானால், குழாய் இருந்தும் பயனில்லை. நம் முன்னோர்களின் வரலாறே இதற்குச் சான்று.

இந்நாட்டில் ரப்பர் வாணிபப் பயிராக முதன்முதலில் வேரூன்றியது நமது மலாக்கா மாநிலத்திலேயாகும். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின, கப்பலேறி வந்த நம் மக்கள் லயங்களில் குடியேறினர். அவர்களைப் பகைவனைப்போல் தாக்கியது மலேரியாக் காய்ச்சல். வந்திறங்கிய ஆண்டுக்குள்ளேயே மாண்டோர் பலர்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் 1897ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பை இம்மண்ணில் செயலுக்குக் கொண்டு வந்தவர் மால்கம் வாட்சன். 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த அவர், சதுப்பு நிலங்களை வடியச் செய்து கால்வாய் வெட்டுவித்தார். கிள்ளான், சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஆகிய இரு ஊர்களிலிருந்தும் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1901ஆம் ஆண்டில் 610 பேர். 1902இல் 199 பேர். 1905இல் வெறும் 23 பேர். நான்கே ஆண்டுகளில் இத்துணை மாற்றம்!

ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. சமவெளியில் பலன் தந்த முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலன் தரவில்லை. அங்குக் காட்டை வெட்டி, ஓடைகளைத் துப்புரவு செய்தபின் காய்ச்சல் மேலும் பெருகியது. வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். லயத்துக் குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்து, வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா எனச் சோதித்து எண்ணிக்கை எழுதினார். எந்தத் தோட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம், லயத்துக்கு அருகே எவ்வகை நீர் என்பவற்றை ஒப்பிட்டார். உண்மை புலப்பட்டது. சமவெளிக் கொசு நிழல் படிந்த காட்டுக் குட்டையில் முட்டையிடுவது. மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்புவது. காட்டை வெட்டியதால் ஒன்றுக்கு வீடு போயிற்று. மற்றொன்றுக்கு வீடு கிடைத்தது! ஆகவே மலைத் தோட்டங்களில் நிலத்தடிக் குழாய்கள் பதிக்கப்பட்டன. ஓடைகளில் எண்ணெய் தெளிக்கப்பட்டது.

அன்பர்களே, அந்த எண்ணெயைத் தெளித்தவர் யார்? மருத்துவரா, துரையா? இல்லை. முதுகில் தகரக் குப்பி சுமந்து நடந்த தொழிலாளிதான். எந்தப் பள்ளத்தில் நீர் கசியும், எந்தக் கால்வாய் மழைக்குப்பின் தூர்ந்துபோகும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆராய்ச்சி மருத்துவரின் ஏட்டில் பிறந்தது. அதை வாரந்தோறும் உயிரோடு வைத்திருந்தவை தொழிலாளியின் கால்களும் கைகளுமே ஆகும்.

பின்னர் 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. எண்ணெய் கிடைக்கவில்லை, கால்வாய்கள் தூர்ந்தன, தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலேரியா மீண்டும் பரவிற்று. கொசுவைப் பற்றிய கண்டுபிடிப்பு நூல்களில் அப்படியேதான் இருந்தது. அதைச் செய்து வந்த கைகள்தாம் இல்லை. பிற்காலத்தில் அரசாங்கம் நெடுங்காலம் பாடுபட்டதன் பயனாக, 2018ஆம் ஆண்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா நம் நாட்டிற்குள் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆயினும் குரங்குகளிடமிருந்து பரவும் மலேரியா காட்டோரங்களில் இன்னும் உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இதுகாறும் சொன்னது கொசுவை வளர்க்கும் நீரைப் பற்றி. குடிக்கும் நீரைப் பற்றியும் ஒரு செய்தி கூறுகிறேன். 1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வாந்திபேதி கண்டு சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நோய்க்குக் கெட்ட காற்றே காரணம் என அக்காலத்தார் நம்பினர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, இறந்தோர் எந்தக் குழாயடியில் நீர் பிடித்தனர் என விசாரித்தார். ஒரே குழாயடி எனத் தெரிந்தது. அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தக் கிணற்றில் நச்சு எவ்வாறு கலந்தது என்பதைத் துலக்கியவரோ அவ்வட்டாரத்துப் பாதிரியார் ஒருவர். குடும்பங்களை நன்கறிந்திருந்த அவர், பேதி கண்ட ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றருகே இருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதை அக்குழந்தையின் தாயிடமே கேட்டறிந்தார். மருத்துவரின் கணக்கும் ஊராரின் அறிவும் சேர்ந்தபோதுதான் உண்மை முழுமையாயிற்று.

நமது மாநிலத்துக்கு வருவோம். மலாக்கா சிறிய மாநிலம், பேராறுகள் இல்லாதது. 1991ஆம் ஆண்டின் வறட்சியில் டுரியான் துங்கால் அணை வற்றியதும், மக்கள் வாளியும் பானையுமாக நின்றதும் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் ஜூஸ் அணை கட்டப்பட்டது. எனினும் குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதை நிரந்தரம் என எண்ணிவிடலாகாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்ச வசதிகளைப் பற்றி 1966ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1990ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனவே நல்ல தண்ணீர் கேட்பது சலுகை கேட்பதாகாது, உரிமையைக் கேட்பதாகும். குறையிருப்பின் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தீராவிடில் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள்.

எழுத்து மூலம் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? இன்று தோட்டங்களின் நிலை மாறிவருகிறது. தோட்டம் கைமாறுகிறது, துண்டாடப்படுகிறது, நிலத்தில் தொழிற்சாலையும் தாமானும் எழுகின்றன. பழைய டிரசர் ஓய்வு பெறுகிறார். பெரிய கிராணி மாற்றலாகிப் போகிறார். வெளிநாடுகளிலிருந்து புதிய தொழிலாளர்கள் வருகின்றனர். நிலத்தடிக் குழாய் எந்த வழியாக ஓடுகிறது, வால்வு எந்த மரத்தடியில் புதைந்திருக்கிறது, தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்பவை பல இடங்களில் ஒரே ஒரு முதியவருக்குத்தான் தெரியும். அவர் பிள்ளையின் வீட்டோடு போய்விட்டால், குழாய் உடைந்த அன்று யாரைக் கேட்பது?

ஆகவே நான்கு காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு நீர்ப் பதிவேடு வையுங்கள். நாற்பது பக்கப் பள்ளி நோட்டுப் புத்தகமே போதும். குழாய் வழியையும் வால்வு இருக்குமிடத்தையும் படமாக வரையுங்கள். தொட்டி கழுவிய நாள், தண்ணீர் நின்ற நாள், கலங்கி வந்த நாள், பழுது பார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். பள்ளி மாணவர் ஒருவரிடம் எழுதும் பொறுப்பைக் கொடுக்கலாம். புகார் செய்யும் நாளில் அந்த ஏடு உங்களுக்காகப் பேசும்.

இரண்டாவதாக, வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ ஒரே வாரத்தில் இரண்டு மூன்று வீடுகளில் கண்டால், அதையும் குறித்துக்கொண்டு உடனே சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவரவர் வீட்டு நோயாக மறைத்துவிட்டால், ஒரே குழாயடியில் ஒளிந்திருக்கும் காரணம் வெளிப்படாது. தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் நன்றாகக் கொதிக்க வைத்த நீரையே குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஆயாக் கொட்டகையிலும் இதையே கடைப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவதாக, தண்ணீர் சேமிக்கும் பீப்பாய்களை மூடி வையுங்கள். டிங்கிக் கொசு தெளிந்த நீரிலேயே வளர்கிறது. முட்டை பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வெட்டாமல் விடப்பட்ட மரங்களில் தொங்கும் பால் மங்குகளில் மழைநீர் தேங்கும். அவற்றைக் கவிழ்த்து வைப்பது பால்வெட்டும் சகோதர சகோதரிகளின் கடமையாகும்.

நான்காவதாக, புதிதாக வந்த தொழிலாளர்களை ஒதுக்கி வைக்காதீர்கள். அவர்கள் வேறு மொழி பேசலாம். ஆயினும் குடிப்பது அதே தொட்டித் தண்ணீரை அல்லவா? அவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கு நோயாக வந்து சேரலாம். பிரட்டுக் களத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அவர்களுக்கும் மலாய் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே! வாட்சன் தொட்டுப் பார்த்த அந்தக் குழந்தைகளின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை. ஆயினும் அவர்களை எண்ணி எழுதிய கணக்கு, பிறகு வந்த குழந்தைகளைக் காப்பாற்றியது. நீங்கள் எழுதப்போகும் நோட்டுப் புத்தகமும் அத்தகைய வேலையைச் செய்யக்கூடியதே. இந்த வாரத்திலேயே, குழாய் வழி தெரிந்த மூத்தவரை அழைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்து, முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள் என அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.