மாறும் அடைமொழியும் மாறா அடைமொழியும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் மாணவன் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்றையும் நாள்தோறும் கேட்கின்றான். அவ்வாறு கேட்பவனுக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே: உருபுகள் மிகுந்த மொழிதான் சிறந்த மொழியோ? இவ்வையத்தைத் தீர்க்கத் தொலைவிலுள்ள பின்லாந்தின் மொழி உதவுகின்றது.

துறைமுகத்திற் காணும் கப்பலையே சான்றாகக் கொள்வோம். பின்னிய மொழியிற் கப்பல் 'லைவ' எனப்படும். பெரிய என்பது 'இஸொ'. பெரிய கப்பல் 'இஸொ லைவ'. பெரிய கப்பலில் என்பதோ 'இஸொஸ்ஸ லைவஸ்ஸ'. பெரிய கப்பல்கள் 'இஸொத் லைவத்'. பெயர் ஏற்கும் உருபினை அடைமொழியும் ஏற்கின்றது. அம்மொழியின் வேற்றுமைகள் பதினைந்து என்பர். எனினும், சிறிய எனப் பொருள்படும் 'பிக்கு' போன்ற சில சொற்கள் எவ்வுருபையும் ஏலா.

தமிழில் 'பெரிய' என்னும் குறிப்புப் பெயரெச்சம் கப்பலுக்கும் கப்பல்களுக்கும் கப்பலிலும் ஒருபடியே நிற்கும். பெரியன், பெரியள், பெரியது எனப் பாலுணர்த்துவது பயனிலையாகவோ பெயராகவோ வருமிடத்தேயாம்.

இவ்வேறுபாட்டாற் பயன் என்னை? 'பெரிய கப்பலின் பாய்மரம்' என்றால், பெரிது கப்பலோ பாய்மரமோ என்னும் ஐயம் தமிழில் எழும். பின்னியத்தில் 'இஸொன் லைவன்' என உருபு ஒத்துவரின் பெரிது கப்பலே. தமிழர் இதனைச் சொற்களின் வரிசையால் தீர்ப்பர்: 'கப்பலின் பெரிய பாய்மரம்'. அங்கே உருபு செய்யும் வேலையை இங்கே இடம் செய்கின்றது. குறை எம்மொழிக்கும் இல்லை.

1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளைப் பின்னியம் உள்ளிட்ட கூட்டத்தோடு உறவுபடுத்த முயன்றார். அக்கொள்கையை இன்றைய மொழிநூலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. அடைமொழி ஒன்றைக்கொண்டு உறவை அளக்கவும் இயலாது. பின்னியத்தின் இனமாகிய ஹங்கேரிய மொழியில், பெயர்முன் நிற்கும் அடைமொழி மாறுவதில்லை. வடமொழியில் அது பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இயைந்து மாறும். அக்குடும்பத்தில் வந்த சிங்களத்திலோ 'லொகு நெவ' என்னும் தொடரின் 'லொகு', தமிழின் 'பெரிய' போலவே மாறாது நிற்கின்றது.

குடும்பத்தால் வேறாகிய தமிழும் சிங்களமும் ஒரு துறையில் இவ்வாறு ஒத்து நடக்கின்றன. அயலான் மொழியைக் கற்கப் புகும் மாணவனுக்கு இதனை முதற்பாடமாகக் காட்டுதல் நன்று. தன் மொழியைத் தாழ்வென்றோ பிறர் மொழியைக் கடினமென்றோ எண்ணும் மயக்கம் அப்போது அவனை விட்டகலும்.