மலேரியா ஒழிப்பும் அரசுகளின் கடமையும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மலேரியாவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை பள்ளிக்கு வருவதில்லை. காய்ச்சலால் கூலியை இழந்த தந்தை புத்தகம் வாங்குவதில்லை. ஆதலின் இதுவும் கல்வியைச் சார்ந்த செய்தியே என்று நாம் கருதுகிறோம்.

இந்நோய் கெட்ட காற்றால் வருவது என்று முற்காலத்தில் நம்பினர். 1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நோயாளியின் குருதியை உறிஞ்சும் கொசுவே அக்கிருமியை அடுத்தவர்க்குக் கொண்டு செல்கிறது. ஒரு தெருவில் ஒருவர் குருதியில் கிருமி எஞ்சியிருப்பினும் ஊர் முழுவதும் மீண்டும் நோய் பரவலாம். எனவே, தனி மனிதர் தம் கைப்பொருளைக் கொண்டு இந்நோயை ஒழித்தல் இயலாது. எல்லா வீட்டுக்கும் செல்ல வல்லது அரசு ஒன்றே.

நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் 7.5 கோடிப் பேர் மலேரியாவால் வாடினர் என்றும், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1958இல் அஃது ஒழிப்புத் திட்டமாக மாறிற்று. வீட்டுக்குள் டி.டி.டி. தெளித்து, சுவரிலே தேதி எழுதிச் சென்ற மலேரியாப் பணியாளரை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் கண்டவரின் விரலில் குருதி எடுத்துச் சோதித்தவர்களும் அவர்களே. 1961இல் நோயாளர் தொகை 50,000க்கும் கீழே இறங்கிற்று. வெற்றி கிட்டிவிட்டது என்ற எண்ணத்தில் கண்காணிப்புத் தளர்ந்தது, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, கொசுக்களும் டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. விளைவு யாது? 1976இல் நோயாளர் 64 இலட்சத்தைத் தாண்டினர்.

இலங்கையின் வரலாறும் இதையே கூறுகிறது. 1934-35இல் அங்கு மூண்ட கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் மேற்கொண்ட பெருமுயற்சியால் 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே காணப்பட்டனர். தெளிப்புப் பணி கைவிடப்பட்டது. 1969இல் நோயாளர் 5 இலட்சத்துக்கும் மேலாயினர்! ஆயினும் அந்நாடு சோர்ந்துவிடவில்லை. போர் நடந்த பகுதிகளுக்கும் நலப் பணியாளர் சென்று குருதி சோதித்தனர். மருந்தும் கொசுவலையும் வழங்கினர். 2012 அக்டோபருக்குப் பின் 2016 வரை அங்கு உள்ளூரில் ஒருவர்க்கும் நோய் தொற்றவில்லை. 2016இல் உலக நலவாழ்வு நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென அறிவித்தது.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. நோய் குறையும்போது நிதியைக் குறைத்தல் நோயைத் திரும்ப அழைப்பதாகும்.

இன்று உலகம் அத்தகைய ஒரு கட்டத்தில் நிற்கிறது. 2023ஆம் ஆண்டில் 26.3 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர். 5,97,000 பேர் இறந்தனர். இருபது சாவுகளில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆப்பிரிக்கப் பகுதியில் நிகழ்ந்தவை. அங்கு இறந்தோருள் நால்வரில் மூவர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அவ்வாண்டில் இப்பணிக்கு 830 கோடி டாலர் தேவைப்பட்டது. கிடைத்ததோ 400 கோடி. 2002இல் தோன்றிய உலக நிதியத்தின் பெரும்பகுதிப் பணம் அரசுகள் தருவதே. எல்லா அரசுகளிலும் மிகுதியாக வழங்கிவந்த அமெரிக்க அரசு, 2025இன் தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தது. சில பணிகள் மீண்டும் தொடர்ந்தனவெனினும், அவ்வுதவியை நடத்திவந்த நிறுவனம் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.

மருந்து தோய்த்த கொசுவலை ஏறத்தாழ மூன்றாண்டுகளே பயன்தரும். குழந்தைகளுக்குரிய தடுப்பு மாத்திரை மழைக்காலத்தில் மாதந்தோறும் கொடுக்கப்பட வேண்டும். மழை முடிந்த பின் வந்து சேரும் மாத்திரையால் யாருக்கு என்ன பயன்? இடையில் நிற்கும் உதவியின் கேடு இத்தகையது.

பிற நாட்டுக் குழந்தைக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்போர் உளர். கொசுவுக்கு ஊரும் சேரியும் ஒன்றே. மருந்து வண்டிக்கோ ஒன்றல்ல. வண்டி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதை நம் மக்களைவிட நன்கறிந்தவர் யார்? நம் நாட்டிலும் இன்று மலேரியா எஞ்சி நிற்பது பெரும்பாலும் காட்டிலும் மலையிலும் வாழும் பழங்குடியினரிடத்திலேயே. 2030க்குள் இந்நோயை ஒழிப்பதாக நம் அரசு உறுதி கூறியுள்ளது. அவ்வுறுதி நிறைவேறும் நாள் வரையிலும், அதற்குப் பின்னரும், நிதி குறையாதிருக்க வேண்டும். உலக நிதியத்திலிருந்து உதவி பெறும் இந்தியா, அதற்குத் தானும் பொருள் வழங்கிவருகிறது. அதனை மேலும் உயர்த்த வேண்டும். இதனைக் கருணை என்று நாம் வேண்டவில்லை. மக்களின் உரிமை என்றே கேட்கிறோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் மருத்துவராகவும் செவிலியராகவும் அரசு அலுவலராகவும் நாளை பணிபுரிவீர்கள். நோயாளர் தொகை சுழியை நெருங்கும் ஆண்டில், 'இனி இப்பணி வேண்டாம்' என்னும் கோப்பு உங்கள் மேசைக்கும் வரலாம். அன்று 1963ஐயும் 1969ஐயும் நினைவிற்கொள்ளுங்கள். கடைசிக் குடிசைவரை சென்று வந்த பின்னரே கையெழுத்திடுங்கள்.