கம்யூனிட்டி என்றால் என்ன?



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும், உத்தியோகத்துக்கு மனுப் போட்டாலும் "கம்யூனிட்டி சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்கிறார்கள். அதில் எழுதியிருப்பது ஜாதி. ஆகையால் கம்யூனிட்டி என்றால் ஜாதி என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவ்வார்த்தையின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் சங்கதி நேர் விரோதமாய் இருக்கின்றது.

இது இங்கிலீஷ்காரனுடைய சொந்தச் சரக்கல்ல. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாய் 14-ஆம் நூற்றாண்டில் அவனிடம் வந்தது. லத்தீனில் 'கொம்' என்றால் சேர்ந்து. 'மூனுஸ்' என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, கொடுக்க வேண்டிய கொடை. ஆகவே ஒரே சுமைக்குச் சேர்ந்து தோள் கொடுப்பவர்களைப் பற்றிய வார்த்தை இது. இதில் பிறப்பு எங்கே? நெற்றிக்குறி எங்கே? நாம் வரி கட்டும் முனிசிபாலிட்டியும் அதே மூனுஸில் பிறந்ததுதான். (நமது தெருச் சாக்கடையைப் பார்த்துவிட்டு, அங்கே கடமை எங்கே என்று கேட்காதீர்கள்!)

அதற்கு இன்னொரு பிள்ளையும் உண்டு: 'இம்மூனிஸ்'. ரோமாபுரியில் வரியும் ஊழியமும் வேண்டாமென்று விலக்கப்பட்டவனுக்கு அந்தப் பேர். நோய் அண்டாதவனுக்கு 'இம்யூனிட்டி' இருக்கிறதென்று டாக்டர்கள் சொல்வதும் அதிலிருந்து எடுத்ததே. இந்தப் பேர்வழி நமக்குப் புதியவனா? சோழராஜாக்கள் பிரமதேயமென்று பிராமணர்களுக்கு விட்ட நிலங்களுக்கு இன்ன இன்ன வரியில்லை என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அக்காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற பதமும் இருக்கின்றது. கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலைக்கு அந்தப் பேர். ஒருவனுக்கு விலக்கு, இன்னொருவனுக்கு வெட்டி. ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் சம்மதியாத கூட்டங்களுக்குப் போய், 'சேர்ந்து சுமப்பவர்கள்' என்ற வார்த்தையைச் சூட்டினார்கள் என்றால் இது வேடிக்கையல்லவா?

அதைவிட வேடிக்கை ஒன்று. ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை 1921-இல் பிறப்பித்து, 1928-இல் முத்தையா முதலியார் மந்திரியாயிருக்கையில் அமுலுக்கு வந்த வகுப்புவாரி உத்தரவை 'கம்யூனல்' என்று சொல்லி, தேசத்தையே பிளக்கிறதென்று கூச்சல் போட்டார்கள். அதில் இருந்தது என்ன? 12 உத்தியோகங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 1. பங்கு போட்டால் பிளவாம். ஒருவரே வாரிக்கொண்டால் ஒற்றுமையாம்! 1951-இல் அது செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷத்தில் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது.

அப்படியானால் அந்தச் சர்டிபிகேட்டைக் கிழித்தெறியலாமா என்று ஒரு தோழர் கேட்கிறார். கூடவே கூடாது. கிழித்தால் நம் பிள்ளைகளுடைய பங்குதான் போகும். கிணற்றங்கரையில் "நீ என்ன ஜாதி?" என்று கேட்கிறவன் சர்டிபிகேட்டைப் பார்த்தா கேட்கிறான்?