டார்வின் என்னும் தந்தை



சார்ல்ஸ் டார்வின் என்றதும் நம் நினைவுக்கு வருவது குரங்கையும் மனிதனையும் பற்றிய வாதமே. அவர் பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், அவர்களுள் மூவரை இளம் பருவத்திலேயே பறிகொடுத்தவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அந்த வீட்டுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

1854-இல் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்துத் திரிந்தவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டெர்னாட்டே தீவிலிருந்து அவர் டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். 1858 ஜூன் 18-இல் அது டார்வினின் கையில் இருந்தது. இருபது ஆண்டுகளாகத் தாம் எண்ணி எண்ணிச் செதுக்கிவந்த கருத்தே அதில் இருக்கக் கண்டு அவர் திகைத்தார். முந்தியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. வேறொருவராயிருந்தால் அன்றே லண்டனுக்கு ஓடியிருப்பார். டார்வின் வீட்டிலோ பிள்ளைகள் நோயில் கிடந்தனர். பதினெட்டு மாதக் கடைக்குட்டி கடுங்காய்ச்சல் கண்டு ஜூன் 28-இல் கண்மூடியது. கட்டுரை விவகாரத்தை லயல், ஹூக்கர் என்னும் நண்பர்களிடமே அவர் விட்டுவிட்டார். ஜூலை 1-ஆம் நாள் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்துகளும் ஒருங்கே படிக்கப்பட்டன. உலகச் சிந்தனையையே புரட்டிப்போட்ட கருத்து அது. அதற்குரிய இருவருமே அவையில் இல்லை. வாலஸ் தீவுகளில் இருந்தார். டார்வின் அன்று தம் குழந்தையை அடக்கம் செய்தார்.

அவருடைய மனைவி எம்மா, தாய்மாமன் மகள். நம் வழக்கில் சொன்னால் முறைப்பெண். மணம் செய்வதா வேண்டாமா என்று 1838-இல் தாளில் இரு பத்தி போட்டு நன்மை தீமைகளைக் கணக்கிட்டவர் இவர்! நேரம் வீணாகுமே என்பது அவர் கவலை. மறு ஆண்டே மணந்தார். பிறகு இரவுதோறும் மனைவியோடு பேக்கேமன் என்னும் காயாட்டம் ஆடினார். அதற்கும் கணக்குண்டு: 1876-இல் தாம் 2,795 ஆட்டமும் எம்மா 2,490 ஆட்டமும் வென்றதாக ஒரு நண்பருக்குக் குதூகலமாக எழுதினார்.

அவர் வேலை செய்கையில், நான்கு வயது மகன் ஒருவன் ஆறு பென்ஸ் தருகிறேன், விளையாட வாருங்கள் என்று அழைத்தானாம். அந்தக் காலத்துச் சீமைத் தந்தையரிடம் இப்படிக் கைக்கூலி பேசும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு இருந்திருக்கும்? தோட்டத்தில் வண்டுத்தேனீக்கள் பறந்து செல்லும் வழியை அறியவும் பிள்ளைகளையே ஆங்காங்கே நிறுத்திவைத்தார். அவருடைய பெருநூலின் கையெழுத்து ஏடுகளில் சிலவற்றின் பின்புறத்தில் இன்றும் குழந்தைச் சித்திரங்களைக் காணலாம்.

ஆனால் ஓர் அச்சம் அவரை அரித்தது. உறவில் மணந்ததால்தான் பிள்ளைகள் நலிவுற்றனரோ என்பதே அது. செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கையால் விளையும் நலிவைச் சோதித்தறிந்தவர் அல்லவா! 1871-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க முயன்றார், நாடாளுமன்றம் மறுத்தது.

அந்த அச்சத்துக்கு வேர், மூத்த மகள் ஆனி. 1851-இல் பத்து வயதில் நோயுற்ற அவளை மால்வெர்ன் என்னும் ஊருக்குச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி. வீட்டைவிட்டு நகர முடியவில்லை. டார்வினே படுக்கையருகில் இருந்து, மகளின் நிலையை நாள்தோறும் மனைவிக்கு எழுதினார். ஏப்ரல் 23-இல் ஆனி இறந்தாள். அடக்கத்துக்கும் நில்லாமல் அவர் எம்மாவிடம் விரைந்தார். ஒரு வாரம் சென்றபின், அவள் முகம், நடை, குறும்பு எதுவும் மறந்துபோகாதிருக்கத் தமக்கென்றே சில பக்கங்கள் எழுதிவைத்தார். ஆனியின் எழுதுபொருள் பெட்டியை எம்மா பத்திரமாகக் காத்துவந்தார்.