பாட்டியார் வழிவந்த செல்வம்

(கடலூரில் கூடிய நம் இசைவேளாளர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் எமக்களித்த பொருள் 'முன்னோரை நினைத்தல்' என்பது. முன்னோர் என்றவுடன் நாகசுர வித்துவான்களும் நட்டுவனார்களுமே உங்கள் நினைவிற்கு வந்திருப்பர். அவர்கள் பெருமையை நம் இதழ் பலகாலும் எடுத்துரைத்துள்ளது, இனியும் உரைக்கும். இன்று யாம் பாட்டியரைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

இக்கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கு அண்மையில் இராசேந்திரப்பட்டினம் என்றோர் ஊர் உளது. அதுவே பழைய எருக்கத்தம்புலியூர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த பதி. சம்பந்தப் பெருமானுடன் தலந்தோறும் சென்று அவர் யாழ் வாசித்தமையை யாவரும் அறிவர். உடன் சென்று பாடிய மனைவியார் மதங்கசூளாமணியாரை நம்முள் எத்துணைப் பேர் நினைக்கின்றோம்? திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி இன்னும் வியப்புடைத்து. தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகள் வெளிப்பட்டபின், பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்கென்று அழைக்கப்பெற்றவள், எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். தில்லையில் பண்முறை வகுக்கப்பெற்றது அவள் வாயிலாகவே என்கிறது புராணம். சோழ மன்னனையும் நம்பியாண்டார் நம்பியையும் நாம் போற்றுகின்றோம். அவளையோ இன்னார் மரபினள் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றோம். புராணந்தானே என்பார் சொல்லட்டும். ஏட்டில் இல்லாத பண் ஒரு பெண்ணிடம் இருந்தது எனின், அவள் தாயும் தாயைப் பெற்ற தாயும் அதனைக் காத்திருத்தல் வேண்டும் என்றே எம் மனம் எண்ணுகின்றது.

நிற்க. பெயர் மறையாத பாட்டியார் ஒருவரும் நமக்கு உளர். அவர் வீணை தனம்மாள். 1867இல் சென்னையிற் பிறந்தார். அவருடைய பாட்டியார் காமாட்சி தஞ்சை அரண்மனையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியாரின் மைந்தர் சுப்பராய சாஸ்திரியாரிடம் பாடம் கேட்டவர். தனம்மாள் சாத்தனூர்ப் பஞ்சநதையரிடம் தீட்சிதர் கீர்த்தனங்களையும், கண்பார்வையற்ற பாலகிருஷ்ணதாசரிடம் க்ஷேத்ரக்ஞர் பதங்களையும் பயின்றார். விரலிற் கம்பி வளையம் ஏதும் அணியாது வெறும் விரலால் மீட்டுவார். மெல்லக் கூடவே பாடுவார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஜார்ஜ் டவுனில் அவரது இல்லத்தில் வாசிப்பு நடக்கும். பெரிய வித்துவான்களும் வந்து, இருமவும் அஞ்சி அமர்ந்து கேட்பார்களாம். வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் எத்தகைய நாள் என்பதைத் தாய்மார்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. விளக்கேற்றுதலும் வீணை வாசித்தலும் அங்கே வேறு வேறு காரியங்களாக இருந்திரா.

பேர்த்தி பாலசரசுவதி ஆட விரும்பியபொழுது நாட்டியத்தை உலகம் இகழ்ந்துகொண்டிருந்தது, உறவினரும் தடுத்தனர். தனம்மாள் இசைவளித்தார். கந்தப்பப் பிள்ளையவர்கள் பயிற்றுவிக்க, 1925இல் காஞ்சிபுரத்து அம்மன் சந்நிதியில் ஏழு வயதுச் சிறுமி அரங்கேறினாள். தாயார் ஜெயம்மாள் பாடப் பாலசரசுவதி ஆடியதை உலகம் பின்னர் கண்டது. 1938இல் தனம்மாள் மறைந்தார். எனினும் பிருந்தா, முக்தா, பாலசரசுவதி, மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விசுவநாதன் என்று அப்பாட்டியாரின் வித்தை பேரப்பிள்ளைகளிடம் பகிர்ந்து கிடந்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை அது சென்றது. 1973இல் பாலசரசுவதிக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம். 1977இல் பத்ம விபூஷண்.

இவ்வளவு பெருமை இருந்தும் நம் வீடுகளிற் பாட்டியின் படத்தை ஏன் உள்ளறையில் மாட்டுகின்றோம்? காரணம் எல்லோர்க்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்வாரில்லை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அது நல்ல சட்டம். அதில் எமக்கு ஐயமில்லை. அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பிறப்பால் நம் குலத்தோடு தொடர்புடையவரே. அவ்வழக்கம் எத்தனை பெண்களை வருத்தியது என்பதை அவ்விருவரினும் நன்கு அறிந்தார் யார்? ஆனால் சட்டம் ஒழித்தது வழக்கத்தை, பாட்டியரை அன்று. அவ்வேறுபாட்டை நாம் மறந்தோம். வழக்கத்தோடு பதத்தையும் சுவரத்தையும் சேர்த்துப் புதைத்தோம். பெண் பார்க்க வருவார் கேட்பரே என்று அஞ்சிப் பாட்டியின் பாட்டு நோட்டுகளைப் பரண்மேல் எறிந்தோம். மற்றக் குலத்துப் பெண்கள் அதே பதங்களை மேடையில் ஆடிப் புகழ்பெறுவதைக் காசு கொடுத்துப் பார்க்கின்றோம். அவர்கள் கற்றது குற்றமன்று; நாம் மறைத்ததே எம் வருத்தம். சிதம்பரத்துக் கோபுர வாயிலிற் கரணங்கள் நூற்றெட்டும் பெண்ணுருவாகவே நிற்கின்றன. அவற்றின் கீழே நின்று சுவாமி தரிசனத்திற்குப் போகிற நமக்குப் பாட்டி ஆடினாள் என்று சொல்ல நா எழுவதில்லை!

இன்னொன்று. நம் இதழில் அச்சாகும் வித்துவான் வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். தந்தை பெயர், பாட்டனார் பெயர், குரு பெயர் எல்லாம் இருக்கும். தொட்டிலிலேயே தாளம் போட்டுக் காட்டியவள் பெயர் இராது.

ஆகலின் சங்கத்தார் இசைவுபெற்று ஒரு குறிப்பேடு இவ்வாயிலில் வைத்திருக்கின்றோம். குடும்பத்தார் ஒவ்வொருவரும் தம் தாயாரின் தாயார் பெயரையும், ஊரையும், அவர் அறிந்திருந்த பாட்டுக்களுள் நினைவுள்ளவற்றையும் எழுதுக. இன்னும் உயிரோடிருக்கும் மூதாட்டியர் உள்ள வீடுகளுக்குச் சிதம்பரத்து இளைஞர் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வர இசைந்துள்ளனர். பெயரை வெளியிட விரும்பாதார் பாட்டை மட்டும் தரலாம். பரண்மேல் உள்ள நோட்டுகளைக் கரையான் தின்னுமுன் கொண்டுவருக. படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.